17 நாள்கள் கையில் இருந்த எச்சரிக்கை... நட்பு நாடு தரும் ‘உறுதியாகாத தகவலை’ ஓர் அரசு என்ன செய்ய வேண்டும்?

திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. வியாபாரம், உறவு, கோயில், சுற்றுலா என்று இரண்டு கரைக்கும் போக்குவரத்து ஓயாத ஊர் இது. அதனால்தான் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலையில் இலங்கையில் குண்டுகள் வெடித்த செய்தி வந்தபோது, திருச்சிக்காரர்களுக்கு அது எங்கோ நடந்த வெளிநாட்டுச் செய்தியாகத் தெரியவில்லை.

கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று சொகுசு ஹோட்டல்கள். சில மணி நேரத்தில் 260-க்கும் மேற்பட்டோரின் உயிர் போனது. பண்டிகைக்குப் புதுத்துணி உடுத்தி வந்த குழந்தைகளும் அதில் உண்டு.

அதைவிட அதிர்ச்சியான செய்தி அடுத்த சில நாள்களில் வெளியானது. இப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று இந்திய உளவுத்துறை முன்கூட்டியே இலங்கைக்குச் சொல்லியிருந்தது. அதுவும் 17 நாள்களுக்கு முன்பே!

பிறகு ஏன் தடுக்க முடியவில்லை? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், எல்லா அரசுகளுக்கும் பொருந்தும் ஒரு பாடம் கிடைக்கிறது. நட்பு நாடு ஒரு தகவலைத் தருகிறது. அது உண்மையா, பொய்யா என்று இன்னும் தெரியாது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடிதம் நடந்த பாதை

தேதிகளை வரிசையாகப் பாருங்கள்.

ஏப்ரல் 4: இலங்கை அரச புலனாய்வுச் சேவையின் இயக்குநருக்கு வெளிநாட்டு உளவு அமைப்பிடமிருந்து தகவல் வருகிறது. ஸஹ்ரான் ஹாஷிம் என்பவரும் அவரின் கூட்டாளிகளும் தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிடுகிறார்கள். கத்தோலிக்க தேவாலயங்களும் கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகமும் குறியாக இருக்கலாம் என்பதே அதன் சாரம்.

ஏப்ரல் 7: இயக்குநர் அதைத் தேசியப் புலனாய்வுத் தலைவருக்கு எழுதுகிறார்.

ஏப்ரல் 9: அங்கிருந்து போலீஸ் மாஅதிபருக்குக் கடிதம் போகிறது.

ஏப்ரல் 11: ஒரு டி.ஐ.ஜி, முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவுகளுக்கு மெமோ அனுப்புகிறார்.

ஏப்ரல் 16: கிழக்கு மாகாணத்தில், ஸஹ்ரானின் சொந்த ஊரான காத்தான்குடிக்கு அருகே ஒரு மோட்டார் சைக்கிள் வெடிக்கிறது. அது ஒத்திகை என்று பின்னர் தெரிந்தது.

ஏப்ரல் 20: இந்தியாவிலிருந்து மறுபடியும் எச்சரிக்கை. மறுநாள் காலை, குண்டு வெடிப்பதற்குச் சற்று முன்பும் ஒரு தகவல் வந்ததாக விசாரணைகளில் சொல்லப்பட்டது.

மெமோ யாருக்குப் போனது என்பதைக் கவனித்தீர்களா? அமைச்சர்களையும் தூதர்களையும் காக்கும் பிரிவுகளுக்குப் போனது. குறி என்று பெயர் சொல்லப்பட்ட தேவாலயங்களுக்குப் போகவில்லை. முன்பே தெரிந்திருந்தால் திருப்பலிகளையே ரத்து செய்திருப்பேன் என்று கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் வேதனையோடு சொன்னார். அது வெறும் பேச்சில்லை. தாக்குதலுக்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28 அன்று, தேவாலயங்களில் திருப்பலி நிறுத்தப்பட்டது. கர்தினால் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் டி.வி-யில் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்துச் செய்ய முடிந்ததை, ஒரு வாரம் முன்னால் செய்திருக்க முடியாதா?

“உறுதி இல்லை” என்ற சாக்கு

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அதிகாரிகளின் மேஜைக்கு வரும் எச்சரிக்கைகள் ஏராளம். அதில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் போகும். வந்த தகவலில் நாள், நேரம் எதுவும் ஆரம்பத்தில் துல்லியமாக இல்லை. ‘இன்னும் உறுதியாகவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற நிலையிலேயே அது ஒவ்வொரு மேஜையாக நகர்ந்தது.

ஆனால், உறுதிப்படுத்தத் தேவையான விஷயங்கள் இலங்கைக்குள்ளேயே கிடந்தன. 2017-ல் காத்தான்குடியில் நடந்த மோதலுக்குப் பிறகு ஸஹ்ரான் போலீஸால் தேடப்பட்டு வந்தார். அவர் ஆபத்தானவர் என்று அங்குள்ள முஸ்லிம்களே புகார் கொடுத்திருந்தார்கள். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணையின் தொடர்ச்சியாக, 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் பெருமளவு வெடிபொருள்கள் பிடிபட்டன. இந்தத் துண்டுகளை எல்லாம் எடுத்து, இந்தியா தந்த தகவலின் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் படம் தெளிவாகியிருக்கும்.

இந்தியாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? 2018-ல் கோவையில் பிடிபட்ட சிலர் மீதான வழக்கை என்.ஐ.ஏ விசாரித்தபோது ஸஹ்ரானின் பிரசார வீடியோக்கள் கிடைத்தன என்றும், அந்த நூலைப் பிடித்துப் போனதில்தான் எச்சரிக்கை பிறந்தது என்றும் அப்போது செய்திகள் வெளியாகின. அதாவது, கொழும்பைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தகவலின் ஒரு முனை தமிழ்நாட்டில் இருந்தது.

இதற்கு மேல் அரசியல். 2018 அக்டோபரில் அதிபர் மைத்திரிபால சிறிசேனாவுக்கும் பிரதமர் ரணில் விக்ரமசிங்கேவுக்கும் முற்றிய மோதலுக்குப் பிறகு, தேசியப் பாதுகாப்புக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவே இல்லை. குண்டு வெடித்த நேரத்தில் அதிபர் சிங்கப்பூரில் இருந்தார். எச்சரிக்கை பற்றித் தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார் அதிபர். தனக்கும் தெரியாது என்றார் பிரதமர்.

2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. முன்னாள் அதிபர் சிறிசேனா 10 கோடி இலங்கை ரூபாய், போலீஸ் மாஅதிபராக இருந்தவரும் புலனாய்வு இயக்குநராக இருந்தவரும் தலா 7.5 கோடி, முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி, முன்னாள் தேசியப் புலனாய்வுத் தலைவர் 1 கோடி என்று பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர உத்தரவு. ‘எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

நம்பினாலும் ஆபத்துதான்!

“அப்படியென்றால் நட்பு நாடு எதைச் சொன்னாலும் நம்பிவிட வேண்டியதுதானே?” என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். நம்பி நாசமான கதையும் இருக்கிறது.

1999-ல் இராக்கிலிருந்து ஜெர்மனிக்கு வந்து அடைக்கலம் கேட்டார் ஒரு கெமிக்கல் இன்ஜினீயர். லாரிகளில் நடமாடும் ஆய்வகங்களை வைத்து சதாம் உசேன் அரசு கிருமி ஆயுதம் தயாரிக்கிறது என்று ஜெர்மன் உளவுத்துறையிடம் சொன்னார். ஜெர்மனி அதை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. அவருக்கு வைக்கப்பட்ட ரகசியப் பெயர் ‘கர்வ்பால்’. அவரை நேரில் விசாரிக்க அமெரிக்கர்களுக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை. அவர் சொல்வதைத் தங்களால் சரிபார்க்க முடியவில்லை என்று ஜெர்மன் தரப்பும் எச்சரித்தது.

ஆனாலும் 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா பாதுகாப்பு சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பேசியபோது, அந்த ‘நடமாடும் ஆய்வகங்கள்’ ஒரு முக்கிய ஆதாரமாக இடம்பிடித்தன. அடுத்த மாதமே போர். இராக்கில் அப்படி எந்த ஆய்வகமும் கிடைக்கவில்லை. 2011-ல் அந்த இன்ஜினீயரே, தான் சொன்னது பொய் என்று பத்திரிகைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். அதற்குள் லட்சக்கணக்கான குடும்பங்கள் சிதைந்துவிட்டன.

போர் வேண்டாம், ஒரு தனி மனிதரைப் பாருங்கள். சிரியாவில் பிறந்த கனடா நாட்டு இன்ஜினீயர் மாஹெர் அரார். 2002 செப்டம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில் விமானம் மாறும்போது பிடிக்கப்பட்டார். கனடா போலீஸ் அமெரிக்காவுடன் பகிர்ந்த தகவலில், சரிபார்க்காமலே அவருக்குத் தீவிரவாதி முத்திரை குத்தப்பட்டிருந்தது. அமெரிக்கா அவரை சிரியாவுக்கு அனுப்பியது. அங்கே சுமார் ஓராண்டு சிறை, சித்ரவதை. அவருக்கு எதிராக எந்த ஆதாரமும் இல்லை என்று 2006-ல் கனடாவின் விசாரணை ஆணையம் அறிவித்தது. 2007-ல் கனடா அரசு மன்னிப்பு கேட்டு, ஒரு கோடியே ஐந்து லட்சம் கனடா டாலர் இழப்பீடு கொடுத்தது.

இலங்கையிலும் இந்தத் தவறு நடந்தது. ஈஸ்டர் தாக்குதலுக்கு நான்கு நாள்கள் கழித்து, தேடப்படுபவர்களின் பட்டியலை போலீஸ் வெளியிட்டது. அதில் ஒரு படம், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, இலங்கை வம்சாவளி மாணவி ஒருவருடையது. தாக்குதலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. போலீஸ் வருத்தம் தெரிவிப்பதற்குள் அவருக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்துவிட்டன. 17 நாள்கள் எச்சரிக்கையை அசட்டை செய்த அதே அமைப்பு, பிறகு அவசரத்தில் தவறான முகத்தைக் காட்டியது.

நம் ஊரில் என்ன நடந்தது?

ஈஸ்டர் சம்பவம் முடிந்த ஐந்தாவது நாள். 2019 ஏப்ரல் 26 அன்று பெங்களூரு போலீஸுக்கு ஒரு போன். ராமநாதபுரத்தில் 19 தீவிரவாதிகள் இருக்கிறார்கள், தென் மாநில நகரங்களிலும் ரயில்களிலும் தாக்குதல் நடக்கும் என்றார் பேசியவர். கர்நாடக போலீஸ் உடனே தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களுக்குத் தகவல் அனுப்பியது. பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டது. அதே நேரத்தில் போன் செய்தவரையும் தேடினார்கள். மறுநாளே பிடித்துவிட்டார்கள். அவர் முன்னாள் ராணுவ வீரர், லாரி டிரைவர். சொன்னது அத்தனையும் கப்சா.

வீண் அலைச்சல்தான். ஆனால், சோதனை கூடியதே தவிர, அந்த போனை மட்டும் நம்பி யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. புரளி என்று தெரிந்ததும் எல்லாம் இயல்புக்குத் திரும்பியது.

அடுத்தது ஆகஸ்ட் 23. இலங்கை வழியாக ஆறு பேர் ஊடுருவி கோவைக்கு வந்திருப்பதாக உளவுத்துறைத் தகவல். மாநிலம் முழுக்க உஷார். அப்போது சிலரின் படங்கள் சமூக வலைதளங்களில் தீயாகப் பரவின. சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்ட கேரளாக்காரர் ஒருவர் விசாரணைக்குப் பிறகு விடுவிக்கப்பட்டார். கோவையிலோ வேறெங்கோ எந்தத் தாக்குதலும் நடக்கவில்லை. பாதுகாப்பைக் கூட்டியது சரிதான். ஆனால், வாட்ஸ்அப்பில் சுற்றிய முகங்களை யார் திரும்ப வாங்குவது?

ஸ்ரீரங்கத்துக்குத் தெரிந்த கதை

இந்தக் குழப்பம் ஸ்ரீரங்கத்துக்குப் புதிதில்லை. இந்தக் கோயில் இங்கே அமைந்த கதையே விபீஷணனோடு தொடர்புடையது. ராமர் தந்த ரங்க விமானத்தை இலங்கைக்குக் கொண்டுபோகும் வழியில் விபீஷணன் காவிரிக்கரையில் இறக்கி வைக்க, அது இங்கேயே நிலைத்துவிட்டது என்பது தல புராணம். ரங்கநாதர் தெற்கே இலங்கையைப் பார்த்தபடி பள்ளிகொண்டிருப்பதற்கும் அதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

அந்த விபீஷணன் முதன்முதலில் ராமரிடம் வந்தபோது என்ன நடந்தது? எதிரியின் தம்பி, நள்ளிரவில் வராவிட்டாலும் கெட்ட நேரத்தில் வந்திருக்கிறான். நம்பலாமா? ராமர் ஒவ்வொருவரிடமும் கருத்து கேட்கிறார். சுக்ரீவன் கூடாது என்கிறான். ஜாம்பவானும் சந்தேகப்படுகிறார். அனுமன் மட்டும் ஏற்கலாம் என்கிறான். இலங்கையில் தூதனாகப் பிடிபட்ட தன்னைக் கொல்லக் கூடாது என்று ராவணன் சபையிலேயே வாதாடியவன் விபீஷணன்தான் என்பதைக் கண்ணால் பார்த்த சாட்சி அவன். தன் சொந்த அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்ன கருத்து அது.

திருவள்ளுவர் இன்னும் கறார். ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார். ஒற்றர்களுக்கு ஒருவரையொருவர் தெரியக் கூடாது, மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறார். ஒரே மனிதரின் சொல் பல ஃபைல்களில் சுற்றி வந்தால் அது மூன்று சாட்சி ஆகிவிடாது. இராக் விஷயத்தில் வழுக்கியது இங்கேதான்.

சரி, என்னதான் செய்ய வேண்டும்?

இந்தச் சம்பவங்களை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. ‘நம்புவதா, வேண்டாமா’ என்ற கேள்வியோடு ஆரம்பிப்பதே தப்பு. ‘இதைச் செய்த பிறகு, தகவல் பொய் என்று தெரிந்தால் திருத்திக்கொள்ள முடியுமா?’ என்று கேட்க வேண்டும்.

திருத்திக்கொள்ள முடிந்ததை உடனே செய்யலாம். வாசலில் சோதனையைக் கூட்டுவது, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, குறி என்று சொல்லப்பட்ட இடத்தின் பொறுப்பாளருக்கு போன் போட்டுச் சொல்வது. இதற்கெல்லாம் முழு ஆதாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். தகவல் பொய்யானால் நஷ்டம் கொஞ்சம் நேரமும் செலவும்தான்.

திருத்த முடியாததற்கு ஆதாரம் கட்டாயம் வேண்டும். போர், நாடு கடத்துவது, ஒருவரின் பெயரையும் படத்தையும் வெளியிடுவது, சிறையில் அடைப்பது. இதற்கெல்லாம் நட்பு நாட்டின் சொல் மட்டும் போதாது. நம் பக்கத்தில் தனியாக விசாரித்து உறுதி செய்தாக வேண்டும்.

தகவலுக்கு மார்க் போட வேண்டும். பல நாடுகளின் உளவு அமைப்புகளில் ஒரு முறை உண்டு. தகவல் தந்தவரின் நம்பகத்தன்மைக்கு ஏ முதல் எஃப் வரை, தகவலின் உண்மைத்தன்மைக்கு 1 முதல் 6 வரை. இதில் எஃப், 6 என்றால் ‘பொய்’ என்று அர்த்தமில்லை. ‘இப்போதைக்குச் சொல்ல முடியாது’ என்றுதான் அர்த்தம். இந்த மார்க் தகவலோடு சேர்ந்தே கடைசி ஸ்டேஷன் வரை பயணிக்க வேண்டும். அரார் வழக்கில் எச்சரிக்கைக் குறிப்பு இல்லாமல் தகவல் மட்டும் போனதுதான் வினை.

திருப்பிக் கேட்க வேண்டும். ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டால், ஆளைக் காட்டிக்கொடுக்காமல் நட்பு நாடு எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லும். கூடவே, உள்ளூர் ஸ்டேஷனில் தூங்கும் புகார்களையும் புரட்ட வேண்டும்.

ஒருவர் பெயரும் ஒரு கெடுவும் வேண்டும். இலங்கையில் கடிதம் எல்லோருடைய மேஜைக்கும் போனது, யாருடைய வேலையாகவும் ஆகவில்லை. ‘இதை இன்னார், இத்தனை மணிக்குள் விசாரித்துச் சொல்ல வேண்டும்’ என்று எழுதாத கடிதம் வெறும் தபால்.

தந்தவர் யார் என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. 2017 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தாக்குதல் நடக்கப்போவதாக அமெரிக்கா தகவல் தந்தது. ரஷ்யா அதைத் தடுத்தது. அதிபர் புதின் போனில் நன்றி சொன்னார். 2024 மார்ச் 7 அன்று, மாஸ்கோவில் இசை நிகழ்ச்சிகள் உள்ளிட்ட கூட்டங்கள் குறிவைக்கப்படலாம் என்று அமெரிக்கத் தூதரகம் வெளிப்படையாகவே எச்சரித்தது. உக்ரைன் போரால் உறவு கெட்டிருந்த நேரம். மிரட்டிப் பார்க்கிறார்கள் என்று புதின் ஒதுக்கினார். மார்ச் 22 அன்று மாஸ்கோ அருகே குரோகஸ் அரங்கில் 140-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

‘புலி வருது’ ஆகிவிடாதா?

இது நியாயமான கேள்வி. ஒவ்வொரு தகவலுக்கும் ஊரையே உஷார்படுத்தினால், நாலாவது முறை யாரும் அசைய மாட்டார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூடும் லட்சக்கணக்கான கூட்டத்தில் ஒரு வதந்தி கிளம்பினாலே நெரிசலில் உயிர் போகும். அதனால், எல்லாவற்றையும் மைக்கில் அறிவிக்க வேண்டியதில்லை. யாருக்குத் தெரிந்தால் பலன் உண்டோ அவருக்குத் தெரிய வேண்டும். திருச்சி என்றால் மாநகர போலீஸ், விமான நிலையத்தைக் காக்கும் சி.ஐ.எஸ்.எஃப், கோயிலின் இணை ஆணையர், ரயில்வே போலீஸ். இந்தியாவில் மத்திய, மாநில அமைப்புகள் தகவலைப் பகிர்ந்துகொள்ள ‘மல்டி ஏஜென்சி சென்டர்’ என்ற அமைப்பு கார்கில் போருக்குப் பிறகு உருவானது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் பலப்படுத்தப்பட்டது. அங்கிருந்து வாசலில் நிற்கும் ஏட்டு வரை தகவல் ஒழுங்காக இறங்க வேண்டும்.

உஷாரைத் தளர்த்துவதும் யோசித்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். மும்பை தாஜ் ஹோட்டலுக்கு முன்பே எச்சரிக்கை வந்து பாதுகாப்பைக் கூட்டியிருந்ததாகவும், தாக்குதலுக்கு முன் அது தளர்த்தப்பட்டதாகவும் ரத்தன் டாடாவே பிறகு பேட்டியில் சொன்னார். ஏதும் நடக்கவில்லையே என்று சலித்துப்போய்த் தளர்த்துவது வேறு. விசாரித்து, பொய் என்று தெரிந்து தளர்த்துவது வேறு.

இதில் நமக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை ரங்கா ரங்கா கோபுர வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னால், முகம் சுளிக்காமல் காட்டிவிடுங்கள். போவது இரண்டு நிமிடம். ‘இவர்தான் தீவிரவாதி, உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று ஃபேமிலி குரூப்பில் ஒரு படம் வந்தால் அனுப்பாதீர்கள், போலீஸிடம் கொடுங்கள். அந்த முகம் யார் வீட்டுப் பிள்ளையோ, நமக்குத் தெரியாது.